கரி டீச்சர்

பொய் சொல்லத் தெரியாதவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அடுத்தவர் சொல்லும் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர் என்று என் ஆயுசில் ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் எங்கள் வீட்டில் ஒரு கடலை வெள்ளாமைக் காலம் முழுக்கத் தங்கியிருந்தார். அந்தச் சில மாதங்களுக்குள் எங்கள் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பாதிப் பேருக்கு அவர்மேல் மனத்தாங்கல். மீதிப் பேர் அவரோடு இன்னும் பேசியிருக்கவில்லை.

ஊரில் அவருக்குக் கரி டீச்சர் என்று பெயர். அவர் டீச்சரே இல்லை. சர்வகலாசாலையில் ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். பெண்பிள்ளை படித்தால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ் என்பது அன்றைக்கு எங்கள் ஊர்க் கணக்கு. யாருக்கும் ஊசி போடாததால் அவர் டீச்சராகிவிட்டார். கரி ஒட்டிக்கொண்டது என்னால்தான்.

அப்பா போன பிறகு தோட்டம் என் கைக்கு வந்தது. பாலக்காட்டில் இண்டர்மீடியட் வரை படித்திருந்தேன். அந்த அளவுக்குப் படித்தவனுக்கு மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைப்பதில் ஒரு வெட்கம் வந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கழித்துப்போட்ட இஞ்சின் ஒன்றை வாங்கிக் கிணற்றுமேட்டில் நிறுத்தினேன். பெரிய இரும்பு உருளைக்குள் மரக்கரியைப் போட்டுக் காற்றை அரைகுறையாக விட்டு எரித்தால் ஒரு வாயு வரும். அதை உறிஞ்சிக்கொண்டு இஞ்சின் ஓடும், கிணற்றுத் தண்ணீர் மேலே வரும். கரிதான் கிடைப்பது பாடு, மலையிலிருந்து இறங்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் செக்குக்குச் செக்கு நிலக்கடலைத் தொலி மலைபோலக் குவிந்து கிடக்கும், அடுப்புக்குக்கூட ஆகாது. அந்தத் தொலியிலிருந்து அதே வாயுவை எடுக்க முடியுமா என்பதுதான் டீச்சரின் ஆராய்ச்சி. அவருடைய புரொபசர் என் இஞ்சினைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு அவரை அனுப்பிவைத்தார்.

வந்திறங்கிய அன்றே என் மானம் கப்பலேறியது.

"இஞ்சின் ஒரு நாளைக்கு அரை மூட்டை கரிதானுங்க திங்கும். மாட்டுக்குத் தீனி இதவிட ஜாஸ்தி" என்றேன்.

"எந்த மூட்டை?"

"மூட்டைன்னா மூட்டைதானுங்க."

"நெல்லு மூட்டையா, மிளகாய் மூட்டையா? தராசு இருக்கோல்லியோ, கொண்டுவாங்கோ."

பாலக்காட்டுக் கோயில் தெருவில் பிறந்த பேச்சு. நூல் பிடித்தமாதிரி வரும். காலை முழுக்க என் ஆட்களை வைத்துக் கரியை எடைபோட்டார். நான் சந்தையில் அளந்துவிட்டிருந்ததற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தின்றுகொண்டிருந்தது என் இஞ்சின். அதோடு விட்டாரா? டீக்கடையில் யாரோ, "ஏனுங்க, இஞ்சின் அரை மூட்டைலயே ஓடுதாமா?" என்று கேட்டதற்கு, "இல்லை, அவர் சொன்னது தப்பாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு மாதம் நான் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

உடம்பில் எலும்பும் நரம்பும் தவிர வேறொன்றும் இல்லாதவர். வெள்ளைப் புடவைத் தலைப்பில் எப்போதும் கரி இருக்கும். கண்ணாடிக் குழாய்களும் ரப்பர்க் குழாய்களும் கோத்த ஒரு மரப்பெட்டியை இஞ்சின் கொட்டகையில் வைத்துக்கொண்டு, வாயுவைப் பிடித்து, நூற்றில் எவ்வளவு எரியும், எவ்வளவு எரியாது என்று பார்ப்பார். கொட்டகைக்குள் நுழைந்ததும் முதல் காரியம் கிழக்குக் கதவைத் திறப்பது. மார்கழியில் எங்கள் ஊர்க் கிழக்குக் கதவைத் திறப்பது சாமானியமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பனைமரத்தை வில்லாக வளைக்கும், வாயில் மண்ணை அள்ளிப்போடும். என் இஞ்சின் டிரைவர் சண்டைக்கே போனான்.

"இந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண்ணைக் கரிக்காது. இஞ்சினை ஓட்டறது எதுவோ அதுதான் ஆளையும் கொல்லும். கார்பன் மோனாக்ஸைடுன்னு பேர். அதுக்குப் பக்கத்தில கதவை அடைச்சுண்டு உட்காரப்படாது" என்றார்.

"இத்தன நாளா நாங்க செத்தா போயிட்டம்?"

"உங்க கொட்டகை ஓலைக் கொட்டகை, ஓட்டை நிறைய. அதான் பிழைச்சேள்."

என் அம்மாவுக்கும் அவருக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று அம்மா எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். "லேபரட்டரியில எதையெல்லாமோ தொட்டாச்சு, இனி எனக்கென்ன மடி" என்று சொல்லி நேராக எங்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. குழம்பை ஊற்றி, "எப்படீங்க இருக்குது?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"உப்பு கூடுதல்."

நான் பிறந்ததிலிருந்து என் அம்மாவின் குழம்பை யாரும் இப்படிச் சொன்னதில்லை, அப்பாகூட. மறுநாள் அம்மா கேட்கவில்லை. அவரே சொன்னார்: "இன்னிக்குச் சரியா இருக்கு." அன்று முழுக்க அம்மா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து முப்பது வருஷம் புகழ்ந்தது ஒரு பக்கம், அந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம்.

ஒருநாள் அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்கம்மிணி, கண்ணாலம்?"

"ஆச்சு, குழந்தையா இருக்கறச்சே. அவர் சீக்கிரமே போயாச்சு. முகம் ஞாபகமில்லை."

"ஐயோ பாவமே. அழுதிருப்பீங்க."

"அதுக்கு அழலை. பட்டுப்பாவாடையைப் பிடுங்கிண்டு போனா பாருங்கோ, அப்பத்தான் அழுதேன்."

அம்மாதான் அழுதாள். அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் பக்கத்தில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அவருடைய புரொபசருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கதை இது. கடலைத் தொலியில் இஞ்சின் முதன்முதலாக ஒரு காலைப்பொழுது முழுக்க ஓடியதும், புரொபசர் நேரில் வந்தார். பக்கத்துச் சித்தூரிலிருந்து தாசில்தார் வந்தார், சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் எல்லாரும் வந்தார்கள். புரொபசர் நல்ல மனிதர், மேடை கண்டால் மட்டும் உணர்ச்சிவசப்படுவார். "அடுத்த வெள்ளாமைக்குள் இந்தத் தாலுகாவில் எல்லாக் கிணற்றிலும் கடலைத் தொலிதான் தண்ணீர் இறைக்கும்!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்படிச் சொல்லப்படாது. குழாய்ல தார் படியறது இன்னும் நிக்கலை. மத்தியானத்துக்குள்ள இஞ்சின் நின்னுபோகும்."

மத்தியானம் இஞ்சின் நின்றது.

இந்த அம்மாளை ஆராய்ச்சியிலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். "நீங்க கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாமுங்க" என்று சொன்னேன். "ஓடாத இஞ்சினை ஓடறதுன்னு நம்பி இவா காளைமாட்டை வித்துட்டா? அப்புறம் பயிர் காயறச்சே நானா போய் நிப்பேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். புரொபசரும் பெரிய மனிதர்தான். அடுத்த வாரமே தார் வடிகட்ட ஒரு புது இரும்புக்கூடை செய்து அனுப்பினார். அதைப் பொருத்திய பிறகு இஞ்சின் வாரத்துக்கு வாரம் கூடுதல் நேரம் ஓடியது. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை நிற்காமல் ஓட்டி, மணிக்கொருதரம் வாயுவை அளந்துவிட்டால் ஆராய்ச்சி தேறிவிடும். அதற்கு ஒரு நாள் குறித்திருந்தார்.

அதற்குள் என் தங்கைக்குப் பிரசவம் வந்தது.

தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பெண்குழந்தை, சுகப்பிரசவம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை ஓர் அறையில் வைத்து, காற்றுப் படாமல் சாத்தி, மண்சட்டியில் கரிக்கணப்பு போட்டுச் சாம்பிராணி தூவுவார்கள். பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் சன்னி வந்துவிடும் என்பது பயம். அம்மாவும் அப்படியே செய்தாள். கணவாய்க் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்ததால், கதவுக்கடியில் பழைய சேலையைத் திணித்தாள். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தாள். கரி என் இஞ்சினுக்கு வைத்திருந்த முதல்தரக் கரி. "பொகையே இல்லடா தம்பி, கண்ணே எரியல" என்று சந்தோஷப்பட்டாள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு பிற்பகல், டீச்சர் கொட்டகையிலிருந்து மோர் குடிக்க வீட்டுக்கு வந்தார். நான் களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, "பொண் எப்படி இருக்கா?" என்று அவர் விசாரித்ததும், அம்மா பதில் சொன்னதும் எனக்குக் காதில் விழுந்தது.

"காத்தால தல வலிக்குதுன்னா. ரெண்டு தரம் வாந்தி எடுத்தா. இப்ப நல்லாத் தூங்கறாளுங்க. மொகமெல்லாம் செவந்து, பாக்கவே அழகா இருக்கறா. புள்ள பெத்த களை!"

டீச்சர் எழுந்து அந்த அறைக்கு ஓடினார். அம்மா குறுக்கே போய்க் கதவை மறித்தாள். தீட்டு, சன்னி, காற்று என்று என்னென்னவோ கத்தினாள். டீச்சர் அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனார். என் அம்மாவைத் தள்ளிய ஒரே ஆளும் அவர்தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்ததும் குழந்தையை என் கையில் திணித்து, "வெளியில, காத்தில கொண்டுபோங்கோ!" என்றார். தங்கையைப் பாயோடு இழுத்துக் கிழக்கு வாசலில், அந்தக் காற்றின் வாயிலேயே போட்டார்.

தங்கையின் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. கை துணிபோலத் துவண்டு கிடந்தது. குழந்தை என் கையில் அழவே இல்லை. "பச்ச ஒடம்புக்காரியக் காத்துல போட்டுக் கொல்றாளே பாவி!" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். டீச்சர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தச் சிவப்புதான் அடையாளம். ரத்தத்தில அந்த வாயு ஏறிப்போச்சு. தூக்கமில்லை இது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே தங்கையின் கன்னத்தில் அறைந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. எனக்கு அது ஒரு யுகம். முதலில் குழந்தை வீரிட்டது. பிறகு தங்கை புரண்டு வாந்தியெடுத்து, "அம்மா, தல ஒடையுது" என்றாள்.

யாரும் சாகவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. செத்திருந்தால் டீச்சர் சொன்னதை நம்பியிருப்பார்கள். சாகாததால், தூங்கிக்கொண்டிருந்தவளைப் போய்க் காற்றில் போட்டாள் என்று ஆகிவிட்டது. மூன்றாம் நாள் தங்கைக்குக் காய்ச்சல் வேறு வந்தது. சித்தூரிலிருந்து வந்த டாக்டர் பால் கட்டிய காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார். ஊர் அதைக் கேட்குமா? "கரி டீச்சர் கதவத் தொறந்தா, சன்னி வந்துருச்சு" என்று சந்தை முழுக்கப் பேச்சு. அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு மட்டும் போட்டாள், குழம்பில் உப்பே இல்லாமல்.

டீச்சர் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் காலை அதே கணப்புச் சட்டியில் அதே கரியைப் போட்டு அதே அறையில் வைத்து, துணி அடைத்துச் சாத்தினார். உள்ளே ஆள் இல்லை, ஒரு காகிதம் மட்டும் தொங்கியது. பல்லேடியம் என்ற உலோகத்தின் உப்புக் கரைசலில் நனைத்த காகிதம், அந்த வாயு பட்டால் கறுக்கும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கறுத்திருந்தது.

"பொகையில வெச்சா கறுக்காதா?" என்றாள் அம்மா. பேச்சை நிறுத்திய பிறகு பேசிய முதல் வார்த்தை.

"நல்ல கேள்வி" என்றார் டீச்சர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "நீங்க பிள்ளை பெத்தது எங்க?"

பழைய பனையோலைச் சாளையில். அது இப்போது மாட்டுச்சாளை. அங்கேதான் நாங்கள் எல்லாரும் பிறந்தோம், இதே சட்டிக் கணப்பில். அப்பா பிற்பாடுதான் ஓடு போட்டு, தேக்குக் கதவு வைத்து, எறும்பு நுழைய இடமில்லாமல் புது வீடு கட்டினார். டீச்சர் சட்டியைச் சாளைக்குத் தூக்கிப்போய், ஓலைப் படலைச் சாத்தி, இன்னொரு காகிதத்தைத் தொங்கவிட்டார். அம்மா வெளியே காவலுக்கு உட்கார்ந்தாள், யாரும் மாற்றிவிடக்கூடாது என்று. எடுத்துப் பார்த்தால் காகிதம் நிறம் மாறவில்லை.

அம்மா இரண்டு காகிதங்களையும் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப எஞ்சட்டி மேல தப்பில்லீங்களா?"

"இல்லை. நீங்க பண்ணினது அந்த வீட்டுக்குச் சரி. வீடுதான் மாறிப்போச்சு."

அன்று மத்தியானம் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. தங்கையின் காய்ச்சலும் இறங்கியது. ஆனால் சேதி பொள்ளாச்சிப் பக்கம் தங்கையின் மாமியார் வரைக்கும் போய்விட்டது.

இஞ்சினை நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கக் குறித்திருந்த அன்றைக்கே சம்பந்தியம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். உயரமான மனுஷி, பேச்சு குறைவு. கட்டிலில் உட்கார்ந்து பேத்தியை மடியில் போட்டுக்கொண்டார். தண்ணீர்கூடத் தொடவில்லை. தங்கை வாழப்போகிற வீடு. இவர் முகம் கோணினால் அவள் காலமெல்லாம் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும். கொட்டகையில் வாயு அளந்துகொண்டிருந்த டீச்சரும் சேதி கேட்டுக் கதவோரம் வந்து நின்றார்.

"கதவத் தொறந்தது யாருங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"நாந்தானுங்க" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். "புள்ள மயங்கிக் கெடந்தா. எனக்கென்னமோ தோணுச்சு, தொறந்துட்டனுங்க."

என் அம்மா தன் பெருமையை யாருக்காகவும் விட்டுக்கொடுத்தவளில்லை. அந்தப் பழியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். டீச்சரைப் பார்த்து, தயவுசெய்து சும்மா இருங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன்.

"இல்லை, நானாக்கும் திறந்தேன். அவா தடுத்தா" என்றார் டீச்சர்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொய் சொல்லத்தான் தெரியாதுன்னு பாத்தா, அடுத்தவ சொல்ற பொய்ய வாங்கிக்கவுந் தெரியலியே இந்தப் பொம்பளைக்கு!"

சம்பந்தியம்மா கோபப்படவில்லை. என்ன கண்டு திறந்தீர்கள் என்று கேட்டார். டீச்சர் வரிசையாகச் சொன்னார்: தலைவலி, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், சிவந்த முகம். கடைசி வார்த்தைக்குச் சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

அவருக்கு மூத்த மகள் ஒருத்தி இருந்து, பிள்ளை பெற்ற அறையிலேயே போய்விட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். முனி அடித்துவிட்டது என்று சொல்வார்கள். அவர் அதைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"என்ற மூத்தவளும் அப்படித்தானுங்க" என்றார். "தல வலின்னா, அப்பறந் தூங்குனா. காலைல போயிப் பாத்தா மொகஞ் செவந்து கெடந்தா. செவப்பப் பாத்து உசுரு இருக்குதுன்னே நெனச்சனுங்க. தொட்டாத்தான் தெரிஞ்சுது." பேத்தியின் துணியைச் சரிசெய்தார். "சட்டிக்குக் கரி அள்ளிப் போட்டவ நாந்தானுங்க. நீங்க பொய் பேசமாட்டீங்கன்னு இப்பக் கண்ணால பாத்துட்டன். சொல்லுங்க. முனியா, எஞ்சட்டியா?"

வாசலில் தங்கை கிடந்தபோது அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று டீச்சர் என்னிடம் சொன்னவர்தான். என்ன பதில் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளதை உள்ளபடி சொன்னால், வயசான அந்தத் தாய் மீதி நாளை எப்படிக் கழிப்பார்?

டீச்சர் வந்து கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நான் அங்க இல்லையே அம்மா. அந்த அறையை நான் பார்க்கலை, காத்தைச் சோதிக்கலை. சோதிக்காததை ஆமான்னு சொன்னாலும் பொய், இல்லைன்னு சொன்னாலும் பொய். அதை இனி யாராலயும் சொல்ல முடியாது."

ஒரு வார்த்தையில்கூடப் பிசகில்லை. சொல்லி முடித்தபோது அவர் மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. சம்பந்தியம்மா என்ன புரிந்துகொண்டாரோ, எனக்குத் தெரியாது. பேத்தியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"சின்ன மருமகளுக்கு மாசம் நெறஞ்சிருச்சுங்க. எந்நேரமுன்னு சொல்ல முடியாது. அறையெல்லாம் புதுசாக் கட்டுனது. ஒருக்கா வந்து பாக்கறீங்களா?"

"இப்பவே வரேன்."

காகிதப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கரி படிந்த புடவையோடேயே வண்டியில் ஏறினார். கிணற்றுமேட்டில் கடலைத் தொலியைத் தின்றுகொண்டு இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளாமைக்காலம் முழுக்க அவர் காத்திருந்த நாள் அது, பாதிகூட அளந்து முடியவில்லை. "இஞ்சினுங்க டீச்சர்? அளக்காம உட்டா இன்னிக்குக் கணக்கே போச்சுங்களே!" என்று வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன்.

"நாளைக்கு ஓடும்" என்றார். வண்டி பொள்ளாச்சிச் சாலையில் திரும்பியது.

மறுநாள் ஓடியது.